டிசைன் லீட் ஆன பிறகு எதைப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கங்கைகொண்டான் எல்காட் ஐ.டி. வளாகத்திலோ, தென்காசி பக்கம் மத்தளம்பாறை ஜோஹோ மென்பொருள் கம்பெனியிலோ, பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கோ செயலி வடிவமைக்கிற பிள்ளைகள் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இப்போது கணிசம். நன்றாக வரைகிறவரைத்தான் கம்பெனிகள் சீக்கிரம் லீட், அதாவது டிசைன் டீமுக்குத் தலைவர், ஆக்குகின்றன. ஆக்கிய மறுநாளிலிருந்து வரைவது அவருடைய முதல் வேலை இல்லை. அதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்வதும் இல்லை. அப்படி லீட் ஆனவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெரும்பாலான பதில்களுக்கு ஒரே உதாரணம்தான்: பலசரக்குக் கடை அண்ணாச்சிகள் பற்று எழுதுவதற்கான ஒரு செயலி. நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கடனுக்குச் சாமான் வாங்கி, நோட்டில் எழுதி, சம்பளம் வந்ததும் தீர்ப்பதுதான் பற்று.

விளைவைப் பார், விளைவைப் பார் என்கிறார்களே, அது என்ன? ஒப்படைத்த வேலையை முடித்தால் அதுதானே விளைவு?

இல்லை. ஸ்கிரீன் வரைந்தது, செயலி பிளே ஸ்டோரில் ஏறியது எல்லாம் நாம் செய்த வேலை. அதனால் இன்னொரு ஆளுடைய நாளில் என்ன மாறியது என்பதுதான் விளைவு. இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால்தான் இவ்வளவு குழப்பம்.

அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது. திருநெல்வேலிக்கு 1988-ல் வந்தது. கிராமங்களில் முகாம் போட்டுக் கண் பரிசோதித்தார்கள், புரைக்கு இலவச ஆபரேஷன் என்றார்கள். அப்படியும் பலர் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு, கூட வர ஓர் ஆள், தங்குகிற நாட்களில் சாப்பாடு, போகிற நாளின் கூலி, கத்தி வைப்பார்களே என்ற பயம் என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. 'எத்தனை முகாம் நடத்தினோம்' என்று மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு அமர்க்களமாகத்தான் இருந்திருக்கும். பார்வை திரும்பியவர்களை எண்ணினால்தான் பஸ்ஸும் சாப்பாடும் சிகிச்சையின் பகுதி என்று புரியும். அழைத்துப்போகவும் கொண்டுவிடவும் வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடாயின. 2004 முதல், முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சிற்றூர்களில் நிரந்தரக் கண் மையங்கள் திறந்து, அங்கிருந்தே வீடியோவில் டாக்டரிடம் பேச வைத்தார்கள். இவற்றில் ஒன்றுகூட 'முகாமை இன்னும் நன்றாக நடத்துவது எப்படி' என்ற கேள்வியிலிருந்து வந்திருக்காது.

சரி, எங்கள் செயலிக்கு விளைவை எப்படி எழுதுவது?

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பலர் அரை மணி நேரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

பற்றுச் செயலிக்கு முதலில் எல்லாரும் எழுதுகிற வரி இது: 'மாதம் இத்தனை ஆயிரம் பற்றுப் பதிவுகள்.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பற்று கூடினால் அண்ணாச்சிக்கு என்ன லாபம்? முதல்தான் முடங்கும். அவருக்கு வேண்டியது பற்று எழுதுவது இல்லை, வசூலாவது. அதுவும் மனவருத்தம் இல்லாமல் வசூலாவது. ஒன்றாம் தேதி கணக்குத் தீர்க்க வந்த வீட்டார், 'இந்தச் சீனி நாங்க வாங்கவே இல்லையே' என்று சொன்னால், அந்தச் சீனிக் காசு அவருக்குப் பெரிதில்லை. அந்த வீடு அடுத்த மாதம் எதிர்க்கடைக்குப் போய்விடுமே என்பதுதான் கவலை.

அதனால்தான் பல வீடுகளில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. சாமான் வாங்க வருகிற பிள்ளை அதைக் கையோடு கொண்டுவரும். அண்ணாச்சி இரண்டிலும் எழுதித் தருவார். இந்த இரண்டாவது நோட்டைக் கவனிக்காத செயலி, கடை நோட்டை மட்டும் போனுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. வீட்டார் கையில் இருந்த சாட்சி காணாமல் போய்விடுகிறது. எழுத்துரு எவ்வளவு பாந்தமாக இருந்தும் பயனில்லை.

ஆகவே வரியை மாற்றுவோம்: 'மாதத் தொடக்கத்தில் கணக்குத் தீர்க்கும்போது, பத்தில் ஒன்பது வீட்டாராவது கடைக்காரர் சொல்லும் அதே தொகையைச் சொல்கிறார்கள்.' யாரிடம், எப்போது, எது, எவ்வளவு மாறவேண்டும் என்பது நாலும் இதில் இருக்கிறது. ஸ்கிரீன் என்ற சொல்லே இல்லை. அது வேண்டுமென்றேதான்.

இந்த வரியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், டீம் எப்படி வேலை செய்கிறது என்று. ஒருவர், 'ஒவ்வொரு பற்றுக்கும் வீட்டாருக்கு எஸ்.எம்.எஸ். போகட்டும்' என்பார். இன்னொருவர், 'எந்த நம்பருக்கு? பல வீட்டில் அண்ணாச்சியிடம் இருக்கிறது துபாயில் இருக்கிற மாப்பிள்ளை நம்பர்தானே. இங்கே ஷாம்பு வாங்கினால் அங்கே மணி அடிக்கும்' என்பார். அந்த வீட்டு அக்கா அடுத்த நாள் வந்து, 'மெசேஜ் ஒண்ணும் போடாதிய அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டுப் போவார் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. மூன்றாமவர், 'வீட்டு நோட்டு அப்படியே இருக்கட்டும், அதில் ஒட்டுகிற மாதிரி ஒரு துண்டுச் சீட்டு அச்சாகி வந்தால் போதாதா?' என்று கேட்பார். மூன்று யோசனை மோதிக்கொண்டது, அதில் ஒன்றில் ஸ்கிரீனே இல்லை. 'எஸ்.எம்.எஸ். ஸ்கிரீனை முடித்துவிடு' என்று லீட் முதலிலேயே சொல்லியிருந்தால் மிச்ச இரண்டும் பிறந்தே இருக்காது.

ஸ்கிரீன் இல்லாத விடை என்றதும் சிலருக்கு மனசு ஒப்பாது, டிசைனர் எதற்கு அப்புறம் என்று. 2016-ல் யுபிஐ வந்தபின் கடைகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். கூட்டத்துக்கு நடுவில் பணம் வந்ததா என்று அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதைத் தீர்த்தது, வந்த தொகையை உரக்கச் சொல்கிற சின்னப் பெட்டி. அறிவிப்பு ஸ்கிரீனை எத்தனை தடவை மெருகேற்றியிருந்தாலும் அந்த நிம்மதி அவருக்குக் கிடைத்திருக்காது. அந்தப் பெட்டியும் டிசைன்தான்.

அப்படியானால் நுணுக்கம் முக்கியம் இல்லை என்கிறீர்களா?

அப்படி நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனாலும் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. எந்த நுணுக்கம் என்று தெரிந்துகொள்ள விளைவு வேண்டும் என்கிறேன்.

இரண்டு கதை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல், ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டம். வேட்பாளர்கள் பத்துப் பேர். வயதானவர்கள் அதிகம் உள்ள இடம் என்பதால், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று தேர்தல் அதிகாரி ஓட்டுச் சீட்டில் பெயர்களை எதிரெதிர் இரண்டு பக்கத்தில் போட்டு, துளையிடும் இடத்தை நடுவில் வைத்தார். எழுத்து நன்றாகவே தெரிந்தது. ஆனால் இடப்பக்கம் இரண்டாவதாக இருந்த அல் கோருக்கு நேரே இருப்பது என்று நினைத்து இரண்டாவது துளையைக் குத்தினால், ஓட்டு வலப்பக்கத்து பேட் புக்கானனுக்குப் போய்விடும். அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 ஓட்டு. இரண்டு துளை குத்திச் செல்லாமல் போனவை 19,000-க்கு மேல். கோரை எதிர்த்து நின்ற புஷ், மாநிலம் முழுக்கச் சேர்த்து ஜெயித்தது 537 ஓட்டில். எழுத்தின் அளவு என்ற நுணுக்கத்தை அந்த அதிகாரி நல்ல மனசோடுதான் பார்த்தார். 'நினைத்தவருக்கே ஓட்டு விழவேண்டும்' என்ற விளைவை வைத்து, நாலு முதியவர்கள் கையில் கொடுத்துக் குத்தச் சொல்லிப் பார்த்திருந்தால் ஒரு காலையிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது இதற்கு நேர்மாறு. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் 2009-ல் எழுதியது. கடையின் பெயரை அவர் சொல்லவில்லை. பெரிய இணையக் கடை ஒன்றில், பொருளைத் தேர்ந்தெடுத்தபின் பணம் கட்டுவதற்கு முன்னால் 'பதிவு செய்யுங்கள்' என்று ஒரு பட்டன் வரும். புதிதாக வந்தவர்களுக்கு எரிச்சல். பழையவர்களுக்குப் பாஸ்வேர்டு மறந்துபோயிருக்கும். பட்டனில் 'தொடரவும்' என்று மாற்றி, கணக்குத் தொடங்குவது கட்டாயம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள்; முதல் வருஷத்தில் கூடுதலாக வந்தது 30 கோடி டாலர். ஒரு சொல், ஒரு வரி. இதைவிட நுணுக்கம் என்ன இருக்கிறது? ஆனால் வாங்க வந்தவர் எங்கே நின்று திரும்பிப் போகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் அந்தச் சொல் கண்ணில் பட்டது.

ஸ்கிரீனில் தப்பான இடைவெளியைப் பார்த்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

வரைகிறதில் கெட்டிக்காரர் என்றுதான் உங்களுக்கு இந்தப் பதவி வந்தது, கை அரிக்கத்தான் செய்யும். பழகிய இடத்தில் வேலை செய்வது சுகம். கடைக்குப் போய் நிற்பது, முதலாளியிடம் 'இந்த வசதி வேண்டாம்' என்று பேசுவது எல்லாம் சங்கடம். சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தான் பல லீடுகள் பிக்சலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நான் சொல்கிற வழி ஒன்றுதான். ஒரு நுணுக்கத்தைப் பற்றி வாய் திறக்கும் முன், அது எந்த விளைவைத் தடுக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடிந்தால் சொல்லுங்கள், உரக்கவே சொல்லுங்கள். முடியாவிட்டால் அதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் அந்தத் தாளை எடுத்தால் பாதிக்கு மேல் உங்கள் ருசியைச் சேர்ந்ததாக இருக்கும். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அது ஒரு ஆளின் கவனக்குறைவு இல்லை; டீமுக்குப் பொது விதி ஒன்று குறைகிறது என்று அர்த்தம். டீமின் பொது விதிகளைத் தொகுத்து வைக்கிற டிசைன் சிஸ்டத்தில் எழுதிவிடுங்கள், அதோடு முடிந்தது.

டீம் வரைந்ததைப் பார்க்கிற ரிவ்யூவில் உட்கார்ந்தால் வேறு எதைத்தான் பேசுவது?

பேச வேண்டாம், கேளுங்கள். இப்படி இருக்கும் ஒரு நல்ல ரிவ்யூ (அக்காதான் லீட், தம்பி டிசைனர்):

"அக்கா, பற்றுச் சேக்கிற ஸ்கிரீனை முடிச்சிட்டேன். பாக்கியளா?"

"காட்டு தம்பி. அண்ணாச்சி இதை எப்ப தொடுவாவ?"

"சாயங்காலந்தான். ஆறு மணிக்கு மேல கூட்டம் வரும்லா, அப்ப."

"அப்ப கையில என்ன இருக்கும்?"

"தராசு… இல்லாட்டா எண்ணெய்ப் பாத்திரம். கையெல்லாம் பிசுக்கா இருக்கும்."

"நீ எத்தனை பெட்டி நிரப்பச் சொல்லுத?"

"பேரு, சாமான், அளவு, விலை, தேதி…" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அஞ்சு. அவ்வளவும் அங்ஙன நின்னு நிரப்ப மாட்டாவ, இல்லக்கா?"

"மாட்டாவன்னா என்ன செய்வாவ?"

"நோட்டுல எழுதிட்டுப் போயிருவாவ. அப்பறம் ராத்திரி இதுல ஏத்துவாவ. ஏத்தும்போது ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். மாசக் கடைசியில தொகை ஒத்து வராது."

"ம்."

"பேரும் தொகையும் மட்டும் அப்பவே வாங்கிக்கிடுதேன். சாமானை வாயால சொல்லட்டும், போன் பதிஞ்சு வச்சுக்கிடட்டும். கடை அடைச்ச பிறகு எழுத்துல மாத்திக் காட்டுவோம். சரியா வருமா?"

"எனக்குத் தெரியாதே. நாளைக்கு டவுன்ல ரதவீதிக் கடை ஒண்ணுல சாயங்காலம் நின்னு பாத்துட்டு வாரியா?"

இந்த உரையாடலில் அந்த அக்கா ஒரு கட்டளைகூடப் போடவில்லை. சேமிக்கும் பட்டனின் பச்சை மற்ற ஸ்கிரீனில் இருக்கிற பச்சையோடு ஒட்டவில்லை என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கும். சொல்லவில்லை. அந்த ஸ்கிரீனே நாளைக்கு இருக்கப்போவதில்லை, பச்சையைப் பற்றி என்ன பேச்சு? அதைவிட முக்கியம், 'எனக்குத் தெரியாதே' என்று அவர் சொன்னது. தெரிந்த மாதிரி ஒரு விடை சொல்லியிருந்தால் தம்பி கடைக்குப் போயிருக்க மாட்டான்.

'சும்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் நேரம் ஆகாதா' என்பார்கள். முதல் மாதம் ஆகும். பிறகு அந்தத் தம்பி, ரிவ்யூவுக்கு வருமுன் இந்தக் கேள்விகளைத் தானே கேட்டுக்கொண்டுதான் வருவான்.

பெரிய ஆட்கள் எல்லாம் நுணுக்கம் பார்த்தவர்கள்தானே? ஸ்டீவ் ஜாப்ஸ் என்ன சும்மாவா?

ஜாப்ஸ், மெக்கின்டோஷுக்குள்ளே யார் கண்ணிலும் படாத சர்க்யூட் போர்டுகூட அழகாக இருக்கவேண்டும் என்றவர். எல்லாரும் அந்தக் கதையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். 1997-ல் ஆப்பிளுக்குத் திரும்பி வந்ததும் அவர் செய்தது வேறு: ஏகப்பட்ட மாடல்களை வெட்டித் தள்ளிவிட்டு, வீட்டுக்காரருக்கு, தொழில்காரருக்கு, மேசைக்கு, கையில் எடுத்துப்போக என்று நாலே கட்டத்துக்குள் கொண்டுவந்தார். யாருக்கு எது பயன்படவேண்டும் என்று முடிவு செய்தபிறகுதான் அழகு வந்தது. போர்டை மட்டும் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இந்தப் பாதி கிடைப்பதில்லை.

நம்ம பத்தமடையையே பாருங்களேன். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, பட்டு நூல் பாவில் நெய்கிற கல்யாணப் பாயில் இழையின் நேர்த்திதான் எல்லாம். மணமக்கள் பேரையும் சேர்த்து நெய்து தருவார்கள். அதையே அன்றாடம் விரித்துப் படுக்கிற பாய்க்குச் செய்தால் யாராலும் வாங்க முடியாது. பாய் நெய்கிறவருக்கு எது கல்யாணப் பாய், எது படுக்கைப் பாய் என்று தறியில் உட்காருமுன்பே தெரியும். நம் டீம்களில் பாதிப் பேர் அது தெரியாமலே நெய்துகொண்டிருக்கிறார்கள். தெரியப்படுத்த வேண்டியவர் லீட்.

எங்கள் கம்பெனி வெளியாட்களுக்குச் செய்துகொடுக்கிற கம்பெனி. பில்லே 'எத்தனை ஸ்கிரீன்' என்றுதான் போடுகிறார்கள். அங்கே விளைவைப் பற்றி யாரிடம் பேச?

கஷ்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தை உங்களால் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் முதல் கூட்டத்தில் 'இது வந்து ஆறு மாதம் கழித்து, எது மாறியிருந்தால் இந்தச் செலவு தகும் என்று நினைப்பீர்கள்?' என்று கேட்பதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது. பெரும்பாலும் அவர்களுக்கே அதைப் பற்றி ஒருவரோடொருவர் ஒத்துப்போகாது. அந்த விவாதத்தைப் பக்கத்தில் இருந்து எழுதிக்கொண்டு, பதிலை ஒவ்வொரு ஒப்படைப்பின் முதல் பக்கத்திலும் போடுங்கள். நாற்பது ஸ்கிரீன் கேட்டவர் இருபதில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பில் குறைந்தது, உண்மைதான். அடுத்த வேலைக்கு அவர் வேறு யாரிடமும் விலை கேட்கவில்லை.

ஒரு எண்ணை இலக்காக வைத்துவிட்டால் போதுமா?

போதாது, சில நேரம் ஆபத்து. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவையாவது விற்கவேண்டும் என்று ஊழியர்களை நெருக்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் திறந்தார்கள்; எண்ணிக்கை கூடிவிட்டது. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம். 5,300 பேர் அளவுக்கு வேலை போனது தெரியவந்தது. அளவுகோலை இலக்காக மாற்றினால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்ற கருத்துக்கு சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்தது அது.

பற்றுச் செயலியில் இதே விபத்து எப்படி நடக்கும்? 'தொகை ஒத்துப்போக வேண்டும்' என்று இலக்கு. ஒத்துப்போகாத பற்றை அண்ணாச்சியே தள்ளுபடி செய்துகொள்ள ஒரு பட்டனைப் பெரிதாக வைத்துவிட்டால் போதும், எண் நூற்றுக்கு நூறு! நட்டம் அவர் தலையில். அதனால் எந்த இலக்கோடும் ஒரு காவல் எண் சேர்த்து எழுதுங்கள்: தொகை ஒத்துப்போகவேண்டும், தள்ளுபடி கூடக்கூடாது.

எண்ணைப் பார்ப்பதே விளைவைப் பார்ப்பது என்றும் நினைத்துவிட வேண்டாம். கூகுளில் காட்சி வடிவமைப்புக்குத் தலைமை வகித்த டக்ளஸ் போமன் 2009-ல் வெளியேறியபோது, இரண்டு நீலத்துக்கு நடுவே 41 நீலங்களைச் சோதித்துப் பார்த்ததையும், ஒரு கோட்டின் தடிமன் 3 பிக்சலா, 4-ஆ, 5-ஆ என்று நிரூபிக்கச் சொன்னதையும் எழுதிவிட்டுப் போனார். அதுவும் நுணுக்கத்துக்குள் முங்குவதுதான். கையில் கணக்குப் புத்தகம் இருக்கிறது என்பது மட்டும் வித்தியாசம்.

விளைவு தெரிய மாதக்கணக்கில் ஆகிறதே. அதுவரை சரியாகப் போகிறோமா என்று எப்படித் தெரியும்?

சீக்கிரம் தெரிகிற சின்ன அறிகுறி ஒன்றைத் தேடுங்கள். பற்று விஷயத்தில் அது எளிது: மேசையில் நோட்டு இன்னும் இருக்கிறதா? செயலி கொடுத்து இரண்டு வாரம் கழித்தும் அண்ணாச்சி சாயங்காலம் நோட்டில்தான் எழுதுகிறார் என்றால், மாதக் கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை. இதற்கு எண்களைக் காட்டுகிற டேஷ்போர்டு வேண்டாம், ஒரு வண்டியும் ஒரு சாயங்காலமும் போதும். அவரிடம் 'செயலி எப்படி இருக்கு?' என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு தேடி வந்த பிள்ளையை மனம் நோகச் சொல்ல மாட்டார். 'நல்லாருக்கு' என்று ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சம்பள உயர்வை விளைவை வைத்துக் கொடுக்கலாமா?

தனி ஆளுக்கு வேண்டாம். விளைவில் மழையும் திருவிழாவும் விலைவாசியும் எதிர்க்கடையும் கலந்திருக்கின்றன. தன் வேலை எந்த விளைவுக்காக என்று அவருக்குத் தெரிகிறதா, எதிராகச் சான்று வந்தபோது வரைந்ததைத் தூக்கிப் போட்டாரா, கடையில் பார்த்ததை மற்றவர்களுக்குச் சொன்னாரா என்று பாருங்கள். டீம் மொத்தத்துக்கும் விளைவைக் கணக்கில் எடுக்கலாம்.

எங்கள் பயனாளிகள் மும்பையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு என்ன பார்ப்பது?

வீடியோவில் அவர்கள் வேலை செய்வதைப் பாருங்கள், வாடிக்கையாளர் சேவைக்கு வருகிற அழைப்புகளைக் கேளுங்கள். கூடவே மகாராஜ நகர் உழவர் சந்தைக்குக் காலையில் போய், சம்பந்தமே இல்லாத வேலையானாலும் சரி, ஒருவர் தன் வேலையை எப்படிச் செய்கிறார் என்று ஒரு மணி நேரம் பார்த்துப் பழகுங்கள். பார்க்கிற பழக்கம் ஊர் தாண்டியும் உதவும்.

ஏ.ஐ. ஸ்கிரீனை நொடியில் வரைந்து தருகிறதே, இனி இதெல்லாம் எதற்கு?

ஸ்கிரீன் சுலபமாகக் கிடைக்கக் கிடைக்க, எந்த ஸ்கிரீன் வேண்டாம் என்று சொல்கிற ஆளுக்குத்தான் வேலை கூடும். துபாய் மாப்பிள்ளை நம்பர் விஷயம், யாராவது கடையில் நின்று கேட்டு வந்து சொன்னால்தான் அதற்கும் தெரியும்.

கடைசியாக: லீட், ஸ்கிரீன் வரைகிற ஃபிக்மாவையே திறக்கக்கூடாதா?

திறக்கலாம். மூன்று சமயத்தில் நானே திறக்கச் சொல்வேன். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை செய்து காட்டும்போது. நாளைக்கு வெளியீடு, ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்னும்போது. பணம், மருந்து, ஓட்டு மாதிரி, தவறினால் திருத்த முடியாத இடத்தில், கடைசிப் பார்வை பார்க்கும்போது. மற்ற நேரத்தில் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், அதையும் கேள்வியாக எழுதுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்கும் சொல்லாமல் நுழைந்து பட்டனை நகர்த்துவது மட்டும் கூடாது. காலையில் வந்து பார்க்கிறவர், அடுத்த தடவை பாதியிலேயே விட்டுவிட்டுப் போவார், மிச்சத்தை எப்படியும் நீங்கள் செய்துவிடுவீர்கள் என்று.